ஜோன் ஸ்னோவின் பிறப்பு: ஓர் ஊகம் பலித்த இடமும் பிழைத்த இடமும்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் வரும் ஜோன் ஸ்னோவை வடநாட்டுப் பிரபு எடார்ட் ஸ்டார்க்குக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவன் எடார்ட்டின் மகனே அல்லன், எடார்ட்டின் தங்கை லியானாவுக்கும் பட்டத்து இளவரசன் ரேகார் டார்கேரியனுக்கும் பிறந்த அரச வாரிசு என்பது வாசகர்கள் நீண்ட காலமாகக் கட்டிக் காத்த ஊகம். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூலநூலின் முதற்பாகம் 1996இல் வெளிவந்து சிறிது காலத்திலேயே பேசப்பட்ட அந்த ஊகம், தொடரின் ஆறாம் பருவத்தின் கடைசி அங்கத்தில், 2016 ஜூன் 26ஆம் திகதி, திரையில் உறுதியானது. ஆனால் அதே ஊகத்தின் மறுபாதி, அதாவது பிறப்பு வெளிப்பட்டதும் ஜோன் சிங்காசனம் ஏறுவான் என்ற எதிர்பார்ப்பு, 2019 மே 19ஆம் திகதி ஒளிபரப்பான இறுதி அங்கத்தில் முற்றாகப் பொய்த்துப்போனது. ஒரே சான்றுகளை வைத்து ஒரே ஆட்கள் செய்த ஊகம் பாதி துல்லியமாகவும் பாதி தலைகீழாகவும் முடிந்தது ஏன் என்பதே என் கேள்வி.

அந்தப் பிழையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். 2014ஆம் ஆண்டு தொடக்கம், தொடர் ஒளிபரப்பாகும் மாதங்களில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் திங்கட்கிழமை தோறும் கூடி அதைப் பார்த்தோம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் போகும் அங்கம் எங்களுக்குத் திங்கள் காலை ஆறரைக்கு வரும்; நான் மாலை ரியூசன் வகுப்பை முடித்து வந்தபிறகே எல்லாரும் சேர்ந்து பார்க்க முடியும். நூல்களை முழுவதும் வாசித்திருந்தவன் நான் மட்டுமே. பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த என் மருமகள் முதல் மூன்று பாகங்களை வாசித்திருந்தாள். வங்கியில் வேலை செய்யும் மச்சானும் அயல்வீட்டுத் தம்பியும் தொடரை மட்டும் பார்த்தவர்கள். ஐந்தாமவர் இளைப்பாறிய தமிழாசிரியர். ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் மாஸ்ரர். அவருக்குக் கதையை விளங்கப்படுத்துவது என் பொறுப்பாக இருந்தது. எங்களுடைய பிழையை முதலில் கண்டுபிடித்தவர் அவரே.

மருமகளின் யோசனைப்படி ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு நிரல்களாகக் கோடிட்டோம். முதல் நிரலில் ஊகம், இரண்டாவதில் சான்று, மூன்றாவதில் எதிர்ச்சான்று, நான்காவதில் 'எது நடந்தால் இதைக் கைவிடுவோம்' என்ற நிபந்தனை. நான்காவது நிரலை அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். கைவிடும் நிபந்தனையைச் சொல்ல முடியாத ஊகம் நம்பிக்கை மட்டுமே, அதைக் கொப்பியில் ஏற்றக்கூடாது என்பது அவளுடைய வாதம், நாங்களும் இணங்கினோம்.

நூலில் கிடந்த சான்றுகள்

ஜோனைப் பற்றிய ஊகத்தின் அடித்தளம் எடார்ட்டின் நினைவுகளில் இருக்கிறது. மார்ட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு பாத்திரத்தின் கண்வழியே எழுதுகிறார். எடார்ட்டின் அத்தியாயங்களில் நாம் அவர் மனத்துக்குள்ளேயே இருக்கிறோம். அப்படியிருந்தும் ஜோனின் தாய் யார் என்ற விடை அந்த மனத்தில் ஒருமுறைகூட வெளிப்படையாக எழுவதில்லை. எழுவதெல்லாம் இரத்தமும் ரோசாவும் மணக்கும் ஓர் அறை, சாகக் கிடக்கும் தங்கை, அவள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதி என்னவென்று மட்டும் சொல்லப்படுவதில்லை. தன் உடலைப் பிறந்த ஊரான வின்டர்ஃபெல்லில் அடக்கம் செய்யும்படி அவள் கேட்டாள் என்று எடுத்துக்கொள்ள நூல் இடம் தருகிறது. ஆயினும் அடக்கம் முடிந்ததோடு அந்த வாக்கும் நிறைவேறிவிட்டதல்லவா? நிறைவேறிய வாக்கு அத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒருவரை உறக்கத்தில் வதைக்காது. இன்னும் காத்துக்கொண்டிருக்க வேண்டிய வாக்குத்தான் வதைக்கும். மனைவி ஜோனைப் பற்றிக் கேட்டபோது எடார்ட் அவனைத் தன் இரத்தம் என்கிறார், மகன் என்ற சொல்லைத் தவிர்க்கிறார். பொய் சொல்லத் தயங்கும் ஒருவர் உண்மையைச் சுற்றிப் போகும் வழி அது.

அடுத்த சான்று ஆனந்தக் கோபுரம். ரொபர்ட் என்ற பிரபு டார்கேரியன் அரசுக்கு எதிராக நடத்திய போரில் ரேகாரின் தந்தை அரசன் ஏரிஸ் கொல்லப்பட்டுவிட்டான், ரேகார் ரொபர்ட்டின் கையால் மடிந்துவிட்டான், அரசியும் இளைய மகனும் டிராகன்ஸ்டோன் தீவுக்குத் தப்பிவிட்டார்கள். அந்த வேளையில் அரச காவலருள் தலைசிறந்த மூவர், காப்பதற்கு எந்த அரசனும் இல்லாத டோர்ன் எல்லைக் கோபுரமொன்றில் நின்று எடார்ட்டையும் அவருடன் வந்த அறுவரையும் எதிர்க்கிறார்கள். எடார்ட்டும் ஹவுலண்ட் ரீட்டும் மட்டுமே உயிரோடு மீள்கிறார்கள். அரச காவலர் நிற்கும் இடத்தில் அரசன் இருக்க வேண்டும், ஆகவே கோபுரத்தில் ஓர் ஆண் குழந்தை இருந்தது என்பது வாசகர்களின் வாதம். இதை இரண்டாம் நிரலில் எழுதி முடித்ததும் மருமகள் மூன்றாம் நிரலில் எதிர்ச்சான்றைப் பதிந்தாள்: அவர்கள் ரேகாரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்றிருக்கலாம், வாரிசு எவரும் அங்கே இல்லாமலும் இருக்கலாம். பின்னாளில் திரையில் அந்தக் காவலருள் ஒருவரான ஆர்தர் டேய்னின் வாயில் அந்த விடையே வைக்கப்பட்டது. அவள் எழுதியது எதிர்ச்சான்றாகச் சரிதான், ஆனால் ஊகத்தை அது வீழ்த்தவில்லை.

மறைக்க வேண்டிய காரணமும் நூலில் தெளிவாக இருக்கிறது. ரேகாரின் முதல் மனைவி எலியாவின் பிள்ளைகள் இருவரும் கொல்லப்பட்டு, சிவப்பு மேலங்கிகளில் சுற்றப்பட்டு, புதிய அரசன் ரொபர்ட்டின் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டபோது, அவன் அதைக் குற்றமாகக் கருதவில்லை. எடார்ட் அதைக் கண்டவர். தங்கையின் குழந்தையை ரேகாரின் மகன் என்று சொன்னால் அடுத்த துணிப்பொதி அதுவாக இருக்கும் என்பதை அவருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. இவற்றோடு ஹரன்ஹால் கோட்டையில் நடந்த வீரப் போட்டியில் ரேகார் தன் மனைவியைத் தாண்டிச் சென்று லியானாவின் மடியில் வைத்த நீல ரோசா மாலையும், இரண்டாம் பாகத்தில் ரேகாரின் தங்கையும் சிங்காசனத்துக்கு உரிமை கோருபவளுமான டெனேரிஸ் காணும் காட்சியில் பனிச்சுவரின் வெடிப்பில் பூத்திருக்கும் நீல மலரும் சேரும்போது, நாட்டின் வடவெல்லையைக் காக்கும் பனிச்சுவரான பெருஞ்சுவரில் இரவுக் காவற்படையில் நிற்கும் ஜோனைத் தவிர வேறொருவரை நினைப்பது கடினமாகிறது.

திரையில் எஞ்சியவை

நூல் திரைக்கு வரும்போது மனத்துள் நிகழ்வது கரைந்துபோகும். முதற் பருவத்தில் கோபுரக் கனவு இல்லை, ரோசா மணக்கும் அறையும் இல்லை. பார்வையாளனுக்குக் கிடைத்தது, எடார்ட்டும் ஜோனும் பிரிகிற காட்சி ஒன்றே. ஒருவர் தெற்கே தலைநகருக்கும் மற்றவர் வடக்கே பெருஞ்சுவருக்கும் போக வேண்டிய இடத்தில் குதிரைகள் நிற்கின்றன. என் பெயர் உனக்கு இல்லாவிட்டாலும் என் இரத்தம் உண்டு என்கிறார் எடார்ட். அடுத்தமுறை காணும்போது உன் தாயைப் பற்றிப் பேசுவோம் என்றும் வாக்களிக்கிறார். அந்த அடுத்தமுறை வரவே இல்லை. இந்தக் காட்சியை மாஸ்ரர் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

நூலை வாசிக்காத மச்சான் எங்கள் ஆய்வுக்கு மிகவும் பயன்பட்டவர். அவர் முன்னிலையில் ஊகத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று நானும் மருமகளும் ஒப்பந்தம் செய்திருந்தோம். கொப்பியின் அந்தப் பக்கத்தையும் அவருக்குக் காட்டவில்லை. திரை தானாக என்ன சொல்கிறது என்பதை அவரை வைத்துத்தான் அறிய முடியும். நான்கு பருவங்களாக அவருக்குச் சந்தேகமே வரவில்லை. 2015 மே 4ஆம் திகதி, ஐந்தாம் பருவத்தின் நான்காம் அங்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் நிறுத்தச் சொன்னார். அந்த ஒரே அங்கத்தில் வின்டர்ஃபெல் நிலவறையில் பெயிலிஷ் என்ற பிரபு எடார்ட்டின் மகள் சான்சாவுக்கு ஹரன்ஹால் போட்டியின் கதையைச் சொல்கிறான். வெகுதூரத்தில் முதிய வீரர் பாரிஸ்டன் டெனேரிஸுக்கு அவள் அண்ணன் ரேகார் தெருவில் பாடியதைச் சொல்கிறார். பெருஞ்சுவரில் ரொபர்ட்டின் தம்பி ஸ்டானிஸ், திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது எடார்ட்டின் வழக்கம் அன்று என்கிறான். மச்சான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை விறாந்தைக் கட்டில் வைத்துவிட்டு, "செத்து இவ்வளவு காலமான ஆளைப் பற்றி ஏன் இண்டைக்குத் திரும்பத் திரும்பக் கதைக்கினம்?" என்று கேட்டார். சில நிமிடம் யோசித்தபின் ஜோனின் பெயரை அவரே சொன்னார்.

அன்றைய பக்கத்தில் நான் எழுதிய குறிப்பு இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. நூலாசிரியர் ஒருவர் பயனற்ற விவரத்தை ஆயிரம் பக்கத்தில் ஒளிக்கலாம், வாசகர் அதற்குக் கோபிக்கமாட்டார். திரையில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு உண்டு. இறந்த இளவரசனுக்கு ஓர் அங்கத்தில் இத்தனை நேரம் ஒதுக்குபவர்கள் அதை வீணாக ஒதுக்கமாட்டார்கள். அவர்களிடம் விடை முதலே இருந்தது என்பதும் பலரறிந்த செய்தி. டேவிட் பெனியோஃபும் டி. பி. வைஸும் 2006இல் மார்ட்டினைச் சந்தித்துத் தொடர் எடுக்க அனுமதி கேட்டபோது, ஜோனின் தாய் யார் என்று அவர் கேட்டார். அவர்கள் சொன்ன விடை சரியாக இருந்தது.

தழுவலை ஆராய்கிறவர் எதை விட்டார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். நூலின் ஐந்தாம் பாகத்தில், 2011இல், புதிதாக ஓர் இளவரசன் தோன்றுகிறான். இளம் கிரிஃப் என்ற பெயரில் ஒளித்து வளர்க்கப்பட்ட அவன், எலியாவின் மகன் ஏகான் தான்தான், குழந்தையாகக் கொல்லப்பட்டது வேறொரு பிள்ளை என்கிறான். அவனை வளர்த்தவர் ஜோன் கொனிங்டன் என்ற பிரபு. அவருக்குத் தோல் கல்லாக இறுகும் நோய் பற்றுகிறது. தொடரில் இருவருமே இல்லை. ஐந்தாம் பருவத்தில் அந்த நோய் டெனேரிஸின் துணைவீரன் ஜோரா மோர்மண்டுக்கு வந்தபோது, கொனிங்டனின் பங்கு ஜோராவுக்குப் போய்விட்டது, ஆகவே இளம் கிரிஃப் இனி வரமாட்டான் என்று கொப்பியில் அவன் பெயரைக் குறுக்கே வெட்டினேன். வெட்டியதோடு பக்கத்தையும் புரட்டிவிட்டேன். அந்த அவசரத்துக்குப் பின்னர் திரும்பி வருகிறேன்.

உறுதியான நாள்

2016 ஜூன் 27ஆம் திகதி திங்கட்கிழமை பகல் முழுவதும் நாங்கள் கைப்பேசியைத் திறக்கவில்லை. மாலையில் பார்த்தோம். கடந்த காலத்தைக் காணும் ஆற்றல் பெற்ற எடார்ட்டின் மகன் பிரானின் தரிசனத்தில் எடார்ட் கோபுரப் படிகளில் ஏறுகிறார். கட்டிலில் இரத்தத்தில் கிடக்கும் லியானா அவர் காதோடு பேசுகிறாள். அவள் சொல்வதில் ஒரு பகுதி நமக்குக் கேட்பதில்லை. ரொபர்ட் அறிந்தால் கொன்றுவிடுவான் என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. குழந்தை எடார்ட்டின் கைக்கு வருகிறது. அதன் கண்களிலிருந்து காட்சி நேராக வளர்ந்த ஜோனின் முகத்துக்குத் தாவுகிறது. வசனம் எதுவும் இல்லை. நூலில் எத்தனையோ பக்கங்களில் சிதறிக் கிடந்ததை ஒரேயொரு வெட்டில் சொல்லிவிட்டார்கள்; அந்தத் தொடர் செய்த மிக நேர்த்தியான வேலை அதுவே என்பது என் கருத்து.

தாய் யார் என்பது தெரிந்துவிட்டது, ஆனால் வாரிசுரிமை இன்னும் தீரவில்லை. மருமகள் உடனே அதைப் பிடித்தாள்: எலியா உயிரோடிருக்கையில் பிறந்த பிள்ளைக்கு எந்த உரிமையும் இல்லை. ஏழாம் பருவத்தில் ஜோனின் நண்பன் சாமோடு வாழும் கில்லி ஒரு பழைய நாட்குறிப்பை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது, ரேகாரின் முதல் திருமணம் செல்லாததாக்கப்பட்டு இரண்டாம் திருமணம் இரகசியமாக நடந்த செய்தி வெளிவருகிறது. சாம் அவளைப் பேசவிடாமல் இடைமறிக்கிறான். எங்கள் விறாந்தையில் மருமகள் கதிரையை விட்டு எழுந்தே விட்டாள். 2017 ஓகஸ்ட் 27இன் அங்கத்தில் பிரானும் சாமும் தங்களிடமுள்ள இரு பாதிகளைச் சேர்க்கிறார்கள்: ஜோன் சட்டபூர்வமான மகன், அவன் உண்மைப் பெயர் ஏகான் டார்கேரியன், வரிசையில் டெனேரிஸுக்கு முந்தியவன்.

அந்த இரவு கொப்பியில் நாங்கள் எழுதிய வரி: 'ஆகவே சிங்காசனம் ஜோனுக்கு.' இந்த ஆய்வுக்காகக் கொப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அந்த வரிக்கு எதிரே மற்ற மூன்று நிரல்களும் வெறுமையாக இருந்தன. சான்று இல்லை, எதிர்ச்சான்று இல்லை, கைவிடும் நிபந்தனை இல்லை. நாங்களே விதித்த விதியின்படி அது கொப்பியில் ஏறியிருக்கவே கூடாது. பிறப்பைப் பற்றிய ஊகம் மூன்று ஆண்டுகள் கடுமையாகச் சோதிக்கப்பட்டு உறுதியானது. முடியைப் பற்றிய ஊகம் எந்தச் சோதனையும் இல்லாமல் அதன் தோளில் ஏறி உள்ளே வந்துவிட்டது. அவை இரண்டு வெவ்வேறு ஊகங்கள் என்பதே எங்கள் எவருக்கும் தோன்றவில்லை.

மாஸ்ரரைத் தவிர. அவர் அன்று எழும்பிப் போகும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, "தம்பி, கர்ணனுக்கும் பிறப்புத் தெரிய வந்ததுதானே. பிறகு அவனுக்கு முடியோ கிடைச்சது?" என்று கேட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை; புராணத்தையும் இதையும் ஒப்பிட முடியாது என்று சொன்னேன். அடுத்த பருவம் வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருந்தது, அந்தக் காலத்தில் அவர் தன் வாதத்தை விரித்துச் சொன்னார்.

நம் கதைகளில் மறைந்திருக்கும் அரசன் இரு வகை என்பது அவர் கூற்று. முதல் வகைக்கு அரிச்சந்திரன். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை அவர் இளவயதில் பல கோயில் வீதிகளில் விடியும்வரை இருந்து பார்த்தவர். சுடலை காக்கும் அரிச்சந்திரன், பிள்ளையின் உடலோடு வந்து நிற்கும் பெண்ணின் கழுத்தில் தாலியைக் காண்கிறான். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அந்த அறிதலுக்குப் பின் நாடு மீள்கிறது, ஏனென்றால் அது அவன் ஆண்டு இழந்த நாடு. நளனும் அப்படியே, விராட நகரில் ஒளித்திருந்த பாண்டவரும் அப்படியே. இரண்டாம் வகைக்குக் கர்ணன். அவன் எதையும் ஆண்டு இழந்தவன் அல்லன், பிறப்பிலேயே விலக்கப்பட்டவன். கண்ணனும் குந்தியும் அவனிடம் பிறப்பை வெளிப்படுத்துவது போர் தொடங்கும் தறுவாயில். மூத்தவனாக முடி சூடலாம் என்ற அழைப்பையும் அவன் மறுக்கிறான். வில்லிபாரதத்தில் குந்தி அதோடு விடாமல், அருச்சுனன் மேல் நாகபாணத்தை ஒருமுறைக்கு மேல் ஏவுவதில்லை, மற்றை நால்வரைக் கொல்வதில்லை என்று வரம் வாங்கிக்கொண்டு போகிறாள். பிறப்பைச் சொன்னதால் அவன் கைதான் கட்டப்பட்டது. "யோனும் இந்த வகைதான்," என்றார் மாஸ்ரர். அவர் ஜோனை அப்படித்தான் உச்சரிப்பார். "ஆர் பெத்தது எண்டு நீங்கள் வடிவாய்க் கண்டுபிடிச்சிட்டியள். ஏன் இவ்வளவு காலம் ஒளிச்சவை, இப்ப ஏன் சொல்லுகினம் எண்டு கேக்கேல்லையே?"

எட்டாம் பருவத்தை அந்தக் கேள்வியோடு பார்த்தால் எல்லாம் இடத்தில் விழுகிறது. முதல் அங்கத்தில் சாம் ஜோனிடம் சொல்கிறான். அந்த நொடியிலிருந்து அந்த இரகசியம் ஜோனுக்கு ஒன்றும் தரவில்லை, டெனேரிஸிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கிறது: அவன்மீதுள்ள காதல் அத்தை மருமகன் உறவாகிறது, வாழ்நாள் முழுவதும் தனக்கென்று நம்பிய உரிமை இரண்டாம் இடத்துக்குப் போகிறது, நான்காம் அங்கத்தில் ஜோன் தன் தங்கையரிடம் சொல்ல, செய்தி அவளுடைய ஆலோசகன் வேரிஸுக்கு எட்டி, அவனும் அவளைக் கைவிடுகிறான். எனக்கு முடி வேண்டாம் என்பதே ஜோனின் பேச்சு முழுவதும். இறுதியில் அவளைக் கொன்றவனும் அவனே. அரசனைத் தெரிவுசெய்யும் சபையில் அவன் பிறப்பு ஒரு பொருட்டாகவே எடுக்கப்படவில்லை. பிரான் அரசனாகிறான், ஜோன் வடக்கே அனுப்பப்படுகிறான். ஆறே அங்கங்களில் இதை முடித்த அவசரத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அந்தச் சபையில் ஒருவராவது எழுந்து பிறப்பைப் பற்றிப் பேசி, அதை ஏன் ஒதுக்குகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் கதையின் திசை கர்ணனின் திசையே.

மாஸ்ரரின் பிரிவுக்கு எதிராக நான் வைத்த ஒரே உதாரணம் டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நூலில் வரும் அரகோர்ன். ஆண்டு இழக்காமலே, காட்டில் திரிந்து, கடைசியில் முடி சூடியவன் அவன். அவன் கதையே ஆங்கிலக் கற்பனைக் கதைகளின் வாசகரை ஒளிந்திருக்கும் அரசன் என்றால் முடி நிச்சயம் என்று பழக்கிவிட்டது. எங்களைப் பிழைக்க வைத்த பழக்கமும் அதுவே.

ஹல்பிராண்டின் கழுத்துப் பை

அந்தப் பழக்கத்தைத் தெரிந்தே பொறியாக வைத்த தொடர் 2022இல் வந்தது. டோல்கீனின் நூலையும் அதன் பின்னிணைப்புகளையும் தழுவிய 'ரிங்ஸ் ஒஃப் பவர்' தொடரில், நடுக்கடலில் தெப்பத்தில் மிதக்கும் ஹல்பிராண்ட் என்பவனை எல்ஃப் வீராங்கனை கலாட்ரியல் சந்திக்கிறாள். அவன் கழுத்தில் தென்னிலத்து அரச இலச்சினை பொறித்த சிறு பை. அதை இறந்த ஒருவனிடமிருந்து எடுத்ததாக அவனே சொல்கிறான். அவளோ நம்பவில்லை, இவன் தன் பிறப்பை மறைக்கும் அரசன் என்று முடிவுகட்டி, படை திரட்டிக்கொண்டு போய் அவனை மக்கள் முன் அரசனாக நிறுத்துகிறாள். மச்சானும் அயல்வீட்டுத் தம்பியும் அவள் பக்கம். மருமகள் மட்டும் இரண்டாம் கிழமையிலேயே அவனை நம்ப மறுத்தாள். அப்போது அவள் சட்டத்தரணியாகி, நாளெல்லாம் காணி வழக்குகளில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, உறுதி கையில இருக்கிறதால காணி அவன்ர ஆகாது," என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒரு காணியை வாங்குகிறவர் விற்பவர் காட்டும் உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை; காணிப் பதிவகத்தில் தேடுவிப்பார், பழைய காணியானால் அக்காலப் பதிவேடான தோம்புவரைக்கும் போவார், உரிமை இடையில் எங்கே அறுந்தது, எங்கே கைமாறியது என்று பார்ப்பார். கலாட்ரியல் அந்தத் தேடலைச் செய்தாள், ஆனால் கடைசியில் செய்தாள். 2022 ஒக்டோபர் 14ஆம் திகதி வெளிவந்த அங்கத்தில், பழைய பரம்பரைச் சுருளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறபோது, அந்த அரச வழி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாரிசின்றி அறுந்துவிட்டதைக் காண்கிறாள். அவன் டோல்கீன் கதையின் தீய தலைவன் சௌரோன். பை இறந்தவனுடையது என்று அவன் முன்னரே சொன்னது உண்மை. அரசனின் தன்னடக்கம் என்று அவளும் பார்வையாளர் பலரும் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பாத்திரத்தை எழுதியவர்கள் அரகோர்னை நன்றாக அறிந்த ரசிகரைத்தான் முதலில் ஏமாற்றினார்கள்.

இதோடு நமக்கு நெருங்கிய ஒரு தழுவலையும் சேர்க்க வேண்டும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில், பூக்குடலையோடு திரியும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மை மகன், மதுராந்தகன் என்று வளர்ந்தவன் மாற்றி வைக்கப்பட்ட பிள்ளை. கல்கிக்கு அந்த இரகசியம் எதற்குத் தேவைப்பட்டது? மதுராந்தகன் என்னும் உத்தம சோழன் அரசாண்டது வரலாறு. கதையில் மதுராந்தகனைச் சதிகாரருக்குக் கைப்பொம்மையாகக் காட்டியாகிவிட்டது. அந்த மனிதனுக்கு அருள்மொழி முடியை விட்டுக்கொடுத்தால் தியாகம் வீணாகத் தோன்றும். பிள்ளை மாற்றம் அந்த முடிச்சை அவிழ்த்தது. 2023இல் வந்த படத்தின் இரண்டாம் பாகத்தில் பிள்ளை மாற்றம் இல்லை, மதுராந்தகனே மனம் மாறி அரசனாகிறான். மனமாற்றமே அந்த வேலையைச் செய்துவிட்டதால் மறைந்த பிறப்புக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் பட்டியலில் இதைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை: தழுவுகிறவர்கள் பாத்திரத்தை விட்டுவிடலாம், அந்தப் பாத்திரம் செய்த வேலையை விட முடியாது, அது வேறொருவர் தலையில் போய்ச் சேரும்.

வெட்டிய பெயர்

இதை எழுதத் தொடங்கியபின்தான் 2015ஆம் ஆண்டுப் பக்கத்தில் நான் குறுக்கே வெட்டிய பெயருக்குத் திரும்பினேன். கொனிங்டனின் நோய் யாருக்குப் போனது என்று எழுதிய நான், இளம் கிரிஃபின் வேலை யாருக்குப் போகும் என்று கேட்கவில்லை. நூலில் அவன் செய்யும் வேலை என்ன? டெனேரிஸுக்குத் தன் குலத்துக்குள்ளேயே, தனக்கு முந்திய உரிமையோடு ஓர் ஆண் வாரிசு எழுகிறான். அவன் பெயர் ஏகான். அவனை அரசனாக்க விரும்புகிறவன் வேரிஸ். தொடரின் எட்டாம் பருவத்தில் டெனேரிஸுக்கு எதிரே குலத்துக்குள்ளிருந்து எழுந்த வாரிசு ஜோன். அவனுக்குக் கொடுத்த பெயர் ஏகான். அவனுக்காக உயிரை விட்டவன் வேரிஸ். இளம் கிரிஃபின் வேலை முழுவதும் ஜோனிடம் சேர்க்கப்பட்டுவிட்டது என்பது என் முடிவு. கல்லாகும் நோயைக் கண்டுபிடித்த அன்றே இந்த ஒரு வரியைச் சேர்த்து யோசித்திருந்தால், ஜோனின் பிறப்பு அவனை உயர்த்துவதற்காக வெளிவரப் போவதில்லை, டெனேரிஸைத் தனிமைப்படுத்தவே வெளிவரும் என்பதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கலாம். தேவையான சான்று எல்லாம் அதே பக்கத்தில் இருந்தது.

நூலில் இளம் கிரிஃபின் கணக்கு இன்னும் தீரவில்லை. அவன் உண்மையான ஏகான் என்பதற்குச் சான்று, ஐந்தாம் பாகத்தின் முடிவில் வேரிஸ் சாகும் ஒருவனிடம் அப்படிச் சொல்வது. சாகிறவனிடம் பொய் சொல்லி ஆவதென்ன? எதிர்ச்சான்று, டார்கேரியன் அரசருக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட பொற்படை என்ற கூலிப்படை இப்போது அவனுக்காக வாளெடுப்பதும், டெனேரிஸ் கண்ட காட்சியில் கூட்டம் ஆரவாரிக்கக் கம்புகளில் ஆடிய துணி நாகமும்; நாகம் டார்கேரியன் குலச் சின்னம், துணி நாகம் என்றால் போலி வாரிசு. சென்ற கிழமை மருமகள் வந்தபோது, நான் வெட்டிய கோட்டுக்குக் கீழே பென்சிலால் அவன் பெயரைத் திரும்ப எழுதினாள். நான்கு நிரல்கள் போதாதென்று சொல்லி, கொப்பியின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்றைக் கோடிட்டு, அதன் தலைப்பில் மாஸ்ரரின் கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினாள்: 'இப்ப ஏன் சொல்லுகினம்?'